சோப்புக் குறிப்பில் காஸ்டிக் சோடாவும் தண்ணீரும் சரியா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

தேங்காய் எண்ணெய் விலை ஏறும்போது, அதற்குப் பதிலாகக் கடலை எண்ணெயில் சோப்பு காய்ச்சலாமே என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் காஸ்டிக் சோடா அளவைப் பழையபடியே விட்டுவிடக் கூடாது. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே எடைக் கடலை எண்ணெய்க்கு 136 கிராம் போதும். மிச்சம் 47 கிராம் சோப்புக்குள்ளேயே தங்கித் தோலைப் புண்ணாக்கும். அதனால் யார் கொடுத்த குறிப்பாக இருந்தாலும், அடுப்படிக்குள் போகும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடுங்கள்.

முதலில் எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றுங்கள். மதுரை கீழமாசி வீதியில் டின்னாக வாங்கினாலும், ஊர்ச் செக்கில் லிட்டராக அளந்து வாங்கினாலும், வீட்டில் தராசில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். 1 லிட்டர் தேங்காய் எண்ணெய் 1 கிலோ இருக்காது, ஏறக்குறைய 920 கிராம்தான். 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

அடுத்து எண்ணெய்க்குரிய எண்ணால் பெருக்குங்கள். 1 கிராம் எண்ணெய்க்கு எத்தனை கிராம் காஸ்டிக் சோடா என்பதுதான் இந்த எண்: தேங்காய் எண்ணெய் 0.183, பாமாயில் 0.141, கடலை எண்ணெய் 0.136, நல்லெண்ணெய் 0.133, விளக்கெண்ணெய் 0.128.

தேங்காய் எண்ணெய் 600 கிராம், கடலை எண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100 என்று வைத்துக்கொள்வோம். முறையே 109.8, 40.8, 12.8 வரும். கூட்டினால் 163.4 கிராம். இதை அப்படியே போடக் கூடாது. ஒரே வகை எண்ணெயிலும் இந்த எண் கொஞ்சம் மாறும், தராசும் ஒரு கிராம் முன்பின் காட்டும். அதனால் 5 சதவீதம் குறைக்க 0.95-ஆல் பெருக்குங்கள். 155 கிராம். சோப்பாக மாறாமல் நிற்கும் அந்தக் கொஞ்சம் எண்ணெய் தோலுக்கும் நல்லது.

இந்த எண்கள் காஸ்டிக் சோடாவுக்கு, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடுக்கு மட்டும். திரவ சோப்புக்குப் போடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்குக் கணக்கே வேறு. சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் இதற்கு உதவாது.

இப்போது தண்ணீர். காஸ்டிக் சோடாவின் எடையைப் போல இரண்டு மடங்கு எடுங்கள். நம் கணக்கில் 310 கிராம். சம எடைக்குக் கீழே போனால் சோடா முழுதாகக் கரையாது. இரண்டரை மடங்கு வரை கூட்டினாலும் கெட்டுப்போகாது, அச்சிலிருந்து எடுக்கவும் காயவும் நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். புதிதாகச் செய்பவர்கள் சித்திரை வெயிலில் தண்ணீரை ரொம்பக் குறைக்க வேண்டாம். கலவை சட்டென்று கெட்டியாகி, அச்சில் ஊற்ற நேரம் கிடைக்காது. கற்றாழைச் சாறு, குப்பைமேனிச் சாறு சேர்ப்பதாக இருந்தால் அந்த எடையைத் தண்ணீரில் கழித்துவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்வது நல்லது.

சரி, இப்படி ஒரு குறிப்பு கைக்கு வருகிறது என்று வையுங்கள்: 1 லிட்டர் தேங்காய் எண்ணெய், 200 கிராம் காஸ்டிக் சோடா, 350 கிராம் தண்ணீர். 920-ஐ 0.183-ஆல் பெருக்கினால் 168. ஐந்து சதவீதம் குறைத்தால் 160. ஆக 40 கிராம் அதிகம். "தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கோங்க, காரம் குறைஞ்சிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் காய்ந்து போய்விடும், காரம் போகாது. ஆறு வாரம் காயவைத்தாலும் இவ்வளவு காரம் அடங்காது.

கலக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம். காற்றோட்டமான இடத்தில், எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரை முதலில் ஊற்றி, சோடாவை அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கையில் பட்டால் குழாயைத் திறந்து கால் மணி நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் அதேபோலக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மேலே சொன்ன 200 கிராமைக் கரைத்த பிறகுதான் கணக்குப் பார்த்தீர்கள் என்றால் கொட்ட வேண்டாம். 200-ஐ 0.95-ஆல் வகுத்து, வந்ததை 0.183-ஆல் வகுங்கள். 1,150 கிராம் எண்ணெய் வேண்டும் என்று வரும். கையில் இருக்கும் 920-உடன் இன்னும் 230 கிராம் தேங்காய் எண்ணெய் சேர்த்தால் அளவு சரியாகிவிடும். 350 கிராம் தண்ணீரும் அதற்குப் போதும்.