ஆள் எடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு ஷீட்டைப் போட்டுப் பாருங்கள்

அடுத்த ஆண்டுக்கு எத்தனை ஆட்கள் தேவை என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், இருக்கிறவர்களுக்கு என்னென்ன தெரியும் என்று எழுதிப் பாருங்கள். எக்செல்லில் ஒரு ஷீட் போதும். இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள். 'கணக்கு வேலை' என்று மொத்தமாக எழுதினால் பயனில்லை. 'சம்பளப் பட்டியல் தயாரிப்பது', 'மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது' என்று பிரித்து எழுத வேண்டும். கட்டத்துக்குள் எண்: 0 என்றால் தெரியாது, 1 என்றால் துணைக்கு ஆள் இருந்தால் செய்வார், 2 என்றால் தனியாகச் செய்வார், 3 என்றால் பிறருக்குச் சொல்லித்தருவார்.

ஊழியரும் மேலாளரும் தனித்தனியாக எண் போட்டு, அப்புறம் ஒப்பிடுவது நல்லது. நன்றாகச் செய்கிறவர் கூச்சப்பட்டு 1 போடுவதும், அரைகுறையாகத் தெரிந்தவர் தாராளமாக 3 போடுவதும் சகஜம்.

இப்போது மேலிருந்து கீழாகப் பாருங்கள். எந்த வேலையில் ஒரே ஒருவர் மட்டும் 2 அல்லது 3 வாங்கியிருக்கிறாரோ, ஆபத்து அங்கேதான். அவர் ஓய்வுபெறப் போகிறவர் என்றால் உடனே தொடங்குங்கள்; நோட்டீஸ் காலத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது நடக்காத காரியம். 1 வாங்கியவரை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதல் மாதம் பார்க்கட்டும், அடுத்த மாதம் இவர் செய்ய மூத்தவர் பார்க்கட்டும். மூத்தவர் விடுப்பில் போகும் வாரம்தான் சரியான பரீட்சை. அவருக்கு போன் போகாமல் வேலை முடிந்தால் 1-ஐ 2 ஆக்கலாம்.

இந்த ஷீட்டைச் சம்பள உயர்வுப் பேச்சுக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் அடுத்த முறை எல்லாருக்கும் எல்லாமே தெரிந்திருக்கும்!