எழுத்து ஒத்தால் பொருளும் ஒக்குமா? ஆங்கிலச் சொற்களில் வழுக்கும் இடங்கள்

கால்பந்து, காலாண்டு, கால்வாய். மூன்றிலும் கால் இருக்கிறது. முதலாவது உடம்பில் உள்ள கால், இரண்டாவது நான்கில் ஒரு பங்கு, மூன்றாவது நீர் ஓடும் வழி. காலாண்டுத் தேர்வு என்றதும் நாம் யாரும் குனிந்து காலைப் பார்ப்பதில்லை. ஆனால் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் மட்டும் அந்தத் தெளிவு எங்கோ போய்விடுகிறது. ஒரே எழுத்துக்கூட்டம் வரும் சொற்களை ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு ஒரு பொருளை ஒட்டவைத்து, அதை எல்லாச் சொல்லுக்கும் பூசிவிடுகிறோம். பட்டியல் போடுவதில் தவறில்லை. சாயல் ஒத்திருந்தால் சொந்தம் என்று முடிவுகட்டுவதில்தான் சிக்கல்.

பீ, ஈ, டி என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் என்றால் மிதி, பெடஸ்ட்ரியன் என்றால் பாதசாரி. இரண்டும் பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. சரி, அப்படியானால் பீடியாட்ரிஷன்? கால் மருத்துவர் என்று சொல்லிவிடத் தோன்றும். அவர் குழந்தை மருத்துவர். அந்தச் சொல்லின் முதல் பாதி, குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கற்பிக்கும் முறையைச் சொல்லும் பெடகாஜியும் அந்த வழிதான். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போன அடிமையைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் முறையில் எழுதினால் குழந்தை மருத்துவரின் பெயரில் பீக்கும் ஈக்கும் நடுவே ஓர் ஏ நிற்கும், அதைப் பார்த்தே வேறு வீடு என்று கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்க முறை அந்த ஏவை எடுத்துவிட்டது. குழப்பம் கூடியது.

கால் குடும்பத்தில் எளிதில் கண்ணில் படாத இரண்டு பேர் உண்டு. இம்பீட் என்றால் தடுப்பது: மூலப் பொருளில் காலுக்கு விலங்கு பூட்டுவது. எக்ஸ்பெடைட் என்றால் விரைவுபடுத்துவது: காலைக் கட்டிலிருந்து விடுவிப்பது. இப்படிச் சேர்த்துப் படித்த இரண்டு சொற்கள் எனக்கு மறந்ததே இல்லை.

அடுத்த வழுக்கல் எம், ஏ, என். மேன் என்றால் ஆண் அல்லது மனிதன் என்பதால் மேனுவல், மேனுஸ்கிரிப்ட், மேனேஜ் எல்லாவற்றிலும் ஓர் ஆள் ஒளிந்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது ஆள் இல்லை, கை. லத்தீனில் மானுஸ் என்றால் கை. தமிழர்களுக்கு இது இன்னும் எளிது. மேனுஸ்கிரிப்டை நாம் கையெழுத்துப் பிரதி என்கிறோம், மேனேஜ் செய்வதைக் கையாளுதல் என்கிறோம். இரண்டிலும் கை தானாகவே வந்து நிற்கிறது. ஹியூமன் என்ற சொல்லில் உள்ள மேனுக்கும் தனி மேனுக்கும்கூட உறவில்லை. முன்னது லத்தீன், பின்னது ஜெர்மானியக் கிளை. ஃபீமேல் இன்னும் வேடிக்கை. ஆணைக் குறிக்கும் ஆங்கில மேல் என்ற சொல்லோடு ஒட்டுப்போட்டுப் பிறந்ததல்ல அது. பிரெஞ்சு வழியாக ஃபெமெல் என்று வந்த சொல்லை, மேல் என்ற சொல்லுக்கு ஜோடிபோல இருக்கிறதே என்று ஆங்கிலேயர்களே எழுத்தை மாற்றிவிட்டார்கள். சாயலைப் பார்த்து ஏமாறுவது நமக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஐலண்டில் ஒலிக்காமல் நிற்கும் எஸ் வந்ததும் இப்படித்தான். பழைய எழுத்துமுறையில் அந்த எஸ் கிடையாது. லத்தீன் வழிவந்த ஐல் என்ற வேறொரு சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்து நுழைத்தார்கள்.

இன் என்ற முன்னொட்டு வந்தால் எதிர்ப்பொருள் என்று அடித்துச் சொல்வது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. ஆபத்து என்பது இங்கே மிகையில்லை. இன்ஃபிளேமபிள் என்று எழுதிய டப்பாவைத் தீப்பிடிக்காதது என்று எண்ணி அடுப்பருகே வைத்தால் என்ன ஆகும்? அந்தச் சொல்லுக்கு எளிதில் தீப்பற்றக்கூடியது என்று பொருள். முன்னால் உள்ள இன், இல்லை என்று சொல்லவில்லை. பற்றவைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையோடு ஒட்டியே வந்தது. ஃபிளேமபிளுக்கும் அதே பொருள்தான். தீப்பிடிக்காததைச் சொல்ல நான்-ஃபிளேமபிள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். இன்ஹாபிட்டபிள் அதே வகை: வாழத் தகுந்த இடம். தகாத இடத்துக்கு அன் என்று இன்னொன்றை முன்னால் மாட்ட வேண்டும்.

இன்வேல்யுவபிள் மட்டும் கொஞ்சம் தந்திரக்காரச் சொல். அங்கே உள்ள இன் உண்மையாகவே எதிர்மறைதான். ஆனாலும் மதிப்பில்லாதது என்று பொருள் கொள்ளக்கூடாது. தமிழில் விலைமதிப்பற்ற என்று சொல்லும்போது அற்ற இருப்பதற்காக நாம் அதைத் தூக்கி எறிகிறோமா? விலை போட முடியாத அளவுக்கு உயர்ந்தது என்று புரிந்துகொள்கிறோம். அங்கேயும் அதே கதை.

வேரைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் ஓரிடத்தில் விழுவார்கள். டெரிபிள், டெரிஃபிக் இரண்டுக்கும் வேர் ஒன்று, அச்சுறுத்துவது. ஒன்று மிக மோசம் என்று தங்கிவிட்டது, மற்றொன்று பிரமாதம் என்று மாறிப்போனது. நாற்றம் என்ற சொல் ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்தது நமக்குத் தெரிந்ததுதானே. இன்று பூ வாங்கி வந்தவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். வேர் ஞாபகத்துக்கு உதவும். இன்றைய பொருளுக்கு அகராதிதான்.

சைட் என்று முடியும் சொற்களை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பெஸ்டிசைட், இன்செக்டிசைட் இரண்டிலும் கொல்லுதல் உண்டு. டிசைட் என்பதிலும் அதே லத்தீன் வினைதான், ஆனால் வெட்டுதல் என்ற பொருளில்: முடிவெடுப்பது என்றால் மற்ற வழிகளை வெட்டிவிடுவது. ஒரே நேரத்தில் நிகழ்வதைச் சொல்லும் கோயின்சைட் இந்தக் கூட்டமே இல்லை. அது விழுதலைக் குறிக்கும் வேறு வினையிலிருந்து வந்தது.

அப்புறம், ஜோடிச் சொற்கள். ஸ்டேஷனரி என்பதில் கடைசிக்கு இரண்டெழுத்து முன்னால் ஏ வந்தால் அசையாமல் நிற்பது, ஈ வந்தால் எழுதுபொருள். வலி, வழி, வளி போல ஓரெழுத்தில் எல்லாம் மாறிவிடும். என்வலப் ஈயில் தொடங்குகிறது, அதுவும் எழுதுபொருள்தான் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். உண்மையில் இந்த இரண்டு ஸ்டேஷனரிகளும் உறவுக்காரர்கள்: ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவர்தான் ஸ்டேஷனர். இப்படிப்பட்ட ஜோடிகளை ஒரே நாளில் எதிரெதிரே எழுதிப் படிக்காதீர்கள். எனக்கு அப்படிப் படித்து, எது எது என்ற சந்தேகம்தான் மனப்பாடமானது. ஒன்றை வாக்கியங்களில் போட்டுப் பழகி, அது கைவந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

கடைசியாக, அதே எழுத்துகள் இடம் மாறி நிற்கும் சொற்கள். டயரியும் டெய்ரியும், ஏஞ்சலும் ஆங்கிளும், க்வயட்டும் க்வைட்டும். இவற்றில் கணினியின் எழுத்துப்பிழை திருத்தியை நம்பி உட்காரக் கூடாது. காரண உறவு என்று சொல்ல காஸல் எழுத நினைத்துக் கேஷுவல் என்று தட்டிவிட்டால், அது மேலோட்டமான உறவாகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் அடியில் சிவப்புக் கோடு வராது. எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். எழுத்துகள் ஒன்றாக இருந்தாலும் உச்சரிப்பு வேறு என்பதால் காது பிடித்துவிடும்.