டிவி பக்கத்தில் சத்தமில்லாத கம்ப்யூட்டர்

படத்தில் எல்லோரும் மௌனமாக நிற்கும் காட்சியில்தான் ஃபேனின் இரைச்சல் காதில் விழும். டிவிக்கென்று தனி கம்ப்யூட்டர் சேர்ப்பவர்கள் கிராஃபிக்ஸ் கார்டை மறந்துவிடலாம். 6 வாட் இன்டெல் என்100 சிப்பே ஹெச்இவிசி, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கிய 4கே வீடியோக்களைத் திணறாமல் ஓட்டும். ஃபேனே இல்லாமல், சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் மட்டும் வைத்த மதர்போர்டுகளும் உண்டு. உள்ளே, சுழலும் பாகமே இல்லாத, சத்தம் போடாத எஸ்எஸ்டி டிஸ்க் போதும். படங்கள் நிறைந்த ஹார்ட் டிஸ்க்கை வேறு அறையில், யூஎஸ்பி உள்ள ரூட்டரில் மாட்டிவிடுங்கள்.

ஃபேன் வைத்தே ஆக வேண்டுமா? சரி, 80 மி.மீ. வேண்டாம். 120 மி.மீ. வாங்கி, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்கில் வேகத்தைக் குறையுங்கள். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றினாலும் அதே அளவு காற்றைத் தள்ளும். அப்புறம், கம்ப்யூட்டரை டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் திணித்து வைக்காதீர்கள். பின்பக்கம் நாலு விரல் இடமாவது இருக்கட்டும்.