மல்லாட்டையும் தேங்காய்ப்பாலும்: பிலிப்பைன்ஸ் தமாலெஸ் நம் வீட்டில் செய்வது எப்படி

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் வேர்க்கடலையை வேர்க்கடலை என்று சொல்லி நான் கேட்டதில்லை. போளூரில் இருந்த எங்கள் ஆயாவுக்கு அது மல்லாட்டை, கொஞ்சம் படித்தவர்கள் வாயில் மணிலா. மணிலாக்கொட்டை என்பதுதான் தேய்ந்து தேய்ந்து மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று ஆனது; அந்த மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். தினமும் சட்னிக்கு அரைக்கிற பொருளின் பெயருக்குள் ஒரு வெளிநாட்டு ஊர் உட்கார்ந்திருக்கிறது என்று நாற்பது வயது வரை நான் யோசித்ததே கிடையாது. அக்கா பொண்ணு பம்பாங்கா மாகாணத்தில் அங்கெலெஸ் நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போனாள். ஒரு டிசம்பரில் வீடியோ காலில் வந்து, “சித்தி, இங்க பாரு, நம்ம மல்லாட்டையை அரைச்சு அரிசி மாவுல போட்டு, வாழையிலையில கட்டி வேக வைக்கிறாங்க” என்று காட்டினாள். அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் கையில் அப்போது இருந்ததுதான் தமாலெஸ்.

அந்த அம்மாவிடம் அவள் கற்றுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்ததை, காட்பாடியில் எங்கள் வீட்டு இட்லிப்பானையில் மூன்று வருடமாகச் செய்து பார்த்து, நம் ஊர் மாவுக்கும் தேங்காய்க்கும் அளவைச் சரிப்படுத்தி எழுதுகிறேன். இதற்காக இறக்குமதிப் பொருள் விற்கும் கடை எதற்கும் போக வேண்டாம். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய எல்லாம் பையில் விழுந்துவிடும்.

செய்முறைக்கு முன்னால் இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால்தான் எந்தப் பொருளை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பது புரியும். தமாலெஸ் பிறந்தது மெக்சிகோவில். அங்கே பழங்குடிகள் பேசிய நாவாட்டில் மொழியில் அதற்குப் பெயர் தமல்லி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த தண்ணீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோல் கழன்றதும் கழுவி அரைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் சோள மாவு உதிராமல் சேர்ந்து வரும், சோளத்தில் இருக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேரும். (வேலூர் சுண்ணாம்புக்காரத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோளம்தான் ஞாபகம் வருகிறது.) அந்த மாவில் பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பிசைந்து, உள்ளே கறி, மிளகாய் வைத்து, சோளத் தோகையிலோ வாழையிலையிலோ மடித்து ஆவியில் வேகவைக்கிறார்கள்.

1565 முதல் 1815 வரை, 250 வருடம், ஸ்பானியர்களின் பெரிய பாய்மரக் கப்பல்கள் மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கமிருந்து சீனப் பட்டும் பீங்கானும் நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும்கூட ஏறிப் போயின, அந்தப் பக்கமிருந்து வெள்ளி வந்தது. வெள்ளியோடு செடிகளும் விதைகளும் வந்தன, சமையலும் வந்தது. நாம் கூட்டு வைக்கும் சௌசௌவை பிலிப்பைன்ஸில் சயோத்தே என்கிறார்கள், சிவப்பு நிறம் ஏற்றும் குரங்கு மஞ்சளை அத்சுவேத்தே என்கிறார்கள். இரண்டும் நாவாட்டில் சொற்கள். வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான், அதுவும் அந்தக் கடல் வழியில்தான் மணிலாவுக்குப் போனது.

தமாலெஸும் போய்ச் சேர்ந்தது, ஆனால் அங்கே இருந்தவர்கள் அரிசிக்காரர்கள், தென்னைக்காரர்கள். சோளத்துக்குப் பதில் அரிசி மாவு வந்தது. அரிசி மாவு வெந்தால் தானாகவே இறுகிக்கொள்ளும், அதனால் சுண்ணாம்பு தேவைப்படவில்லை. கொழுப்புக்குத் தேங்காய்ப்பால் போதும். அரைத்த கடலை சேர்ந்தது, மேலே உப்பு முட்டையும் இறாலும் ஏறின. பம்பாங்காக்காரர்கள் இதைத் தங்கள் மொழியில் போபோத்து என்றும் சொல்வார்கள். கப்பல் கட்டிய துறைமுகமான கவீத்தேயிலும், பத்தாங்காஸ் மாகாணத்தின் இபானிலும் வேறு வகைத் தமாலெஸ் உண்டு. நான் கற்றது பம்பாங்கா வகை மட்டும்தான்.

பம்பாங்காவில் தமாலெஸ் என்றால் பக்கோலோர் ஊரின் கபலந்தியான் பகுதியைச் சொல்வார்கள். 1991 ஜூன் 15 அன்று பினத்துபோ எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் மலைச்சரிவில் குவிந்து கிடந்து, ஒவ்வொரு மழைக்கும் சேறாகக் கரைந்து இறங்கியது. 1995 அக்டோபர் 1 அன்று வந்த சேற்று வெள்ளம் கபலந்தியானை மூடிவிட்டது, நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பக்கோலோர் சான் கில்லெர்மோ தேவாலயம் இன்றும் பாதி உயரத்துக்கு மண்ணுக்குள்தான் நிற்கிறது. வீட்டுக்கார அம்மா அந்தப் பக்கத்தவர். எல்லாம் விட்டுவிட்டு வந்த குடும்பம், ஆனால் டிசம்பர் வந்தால் தமாலெஸ் கட்டாமல் இருந்ததில்லை என்று அக்கா பொண்ணு சொன்னாள். அதே பக்கோலோர்தான், 1762இல் மெட்ராஸிலிருந்து போன ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்தபோது ஸ்பானியர்கள் ஒதுங்கிப் போய்த் தலைநகராக வைத்துக்கொண்ட ஊர். அந்தப் படையில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள், சிலர் திரும்பாமல் கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள்.

சரி, அடுப்படிக்குப் போவோம். நான் சொல்லும் அளவுக்கு 12 பொட்டலம் வரும்.

முதல் வேலையை மூன்று வாரத்துக்கு முன்னாலேயே செய்ய வேண்டும்: உப்பு முட்டை. வாத்து முட்டை ஆறு வாங்குங்கள், ஏரிப் பக்கம் வாத்து மேய்ப்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 300 கிராம் கல் உப்பு போட்டுக் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிடுங்கள். விரிசல் இல்லாத முட்டையாகப் பார்த்துக் கண்ணாடி ஜாடியில் வைத்து, உப்புத் தண்ணீரை ஊற்றி, மிதக்காதபடி மேலே ஒரு சின்னத் தட்டை வைத்து, நிழலான இடத்தில் மூடிவைக்க வேண்டும். பதினைந்தாம் நாள் ஒன்றை எடுத்து வேகவைத்துப் பாருங்கள், உப்பு ஏறியிருந்தால் சரி, இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம். வேலூர் வெயில் காலத்தில் இதைச் செய்யாதீர்கள், நான் மே மாதத்தில் போட்ட ஜாடியை அப்படியே கொட்ட வேண்டியதாகிவிட்டது. கார்த்திகையில் போட்டால் மார்கழிக்குச் சரியாக இருக்கும். நேரமில்லை என்றால் சாதாரண முட்டையை வேகவைத்து, வில்லையாக நறுக்கி, உப்பு தூவி வையுங்கள். சுவை குறையும், ஆனால் கெட்டுப்போகாது.

அரிசி மாவு இரண்டு கப். கடை இடியாப்ப மாவே போதும், பச்சரிசியை ஊறவைத்து மெஷினில் அரைத்து வந்தால் இன்னும் நன்றாக வரும். மாவைச் சின்ன தீயில் எட்டு, பத்து நிமிடம் வறுக்க வேண்டும், நிறம் மாறக் கூடாது. கொஞ்சம் எடுத்துக் கோலம் போட்டுப் பாருங்கள், இழை அறுந்து போகாமல் விழுந்தால் பதம். பச்சை வாடை போகாத மாவில் செய்தால் எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அந்த வாடை உள்ளேயே நிற்கும்.

இப்போது மல்லாட்டை. இந்தப் பலகாரத்தின் உயிரே இதுதான், அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். உப்புப் போட்டு வறுத்த பாக்கெட் கடலை வேண்டவே வேண்டாம். பச்சைக் கொட்டை ஒரு கப் எடுத்து, அடிகனமான சட்டியில் மணல் போட்டோ வெறுமனேயோ, தோலில் கரும்புள்ளி விழுந்து வாசனை தெருவுக்குப் போகும் வரை வறுத்து, ஆறியதும் தேய்த்துத் தோலைப் புடைத்துவிடுங்கள். மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டிக் கொரகொரப்பாகப் பொடித்தால் போதும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு உருண்டையாகிவிடும், அது எள்ளுருண்டை மாதிரி கட்டிப்பட்டு மாவில் கலக்காது. எங்கள் மாவட்டத்தில் மானாவாரியில் விளைகிற சின்னக் கொட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இரண்டு தேங்காயைத் துருவி முதல் பால் இரண்டு கப், இரண்டாம் பால் இரண்டு கப் எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பில்லாத கோழி 300 கிராமை ஐந்தாறு பல் பூண்டும் உப்பும் மிளகும் போட்டு வேகவைத்து, கறியை நார் நாராகப் பிய்த்து வைத்து, வேகவைத்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைக்க வேண்டும். இறால் பன்னிரண்டு, சுத்தம் செய்து உப்பு தடவி எண்ணெயில் ஒரு பிரட்டு. அங்கே பன்றிக்கறித் துண்டும் வைக்கிறார்கள், எங்கள் தெருவில் எல்லாரும் சாப்பிட வேண்டும் என்பதால் நான் வைப்பதில்லை. சைவம் என்றால் காளானை மிளகு போட்டு வதக்கி வைத்து, கோழித் தண்ணீருக்குப் பதில் மூன்றாம் பால் ஊற்றுங்கள்.

நிறத்துக்குக் குரங்கு மஞ்சள் விதை இரண்டு மேசைக்கரண்டி, அரைக் கப் வெந்நீரில் ஊறவைத்துக் கையால் தேய்த்து வடிகட்டினால் செங்காவி நிறத்தில் தண்ணீர் இறங்கும். சிவப்பு முள்ளுக்காய்க்குள் இருக்கும் சின்ன விதை அது, நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள். நம் மார்க்கெட்டில் கேட்டவுடன் கிடைக்காத பொருள் இது ஒன்றுதான். கிடைக்கவில்லையா, காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டியும் மஞ்சள்தூள் ஒரு சிட்டிகையும் அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நிறம் வரும், காரம் பெரிதாகத் தெரியாது.

வறுத்த மாவை ஆறவைத்து, இரண்டாம் பாலும் கோழித் தண்ணீரும் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். சூடான பாலில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், அதைச் சரிசெய்ய வழி கிடையாது. முதல் பால், சர்க்கரை மூன்று மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி சேர்த்து, நடுத்தரத்துக்கும் குறைந்த தீயில் கை எடுக்காமல் கிளறுங்கள். தீ அதிகமானால் தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். கேழ்வரகுக் களி கிண்டிப் பழகிய கைக்கு இது புதிதில்லை, ஆனால் களி அளவுக்கு இறுக விடாதீர்கள்; பாத்திரத்தின் ஓரத்தைவிட்டுச் சுருண்டு வந்து, துடுப்பைத் தூக்கினால் மெல்லச் சரிந்து விழுகிற பதம். பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம் ஆகும். தளர்வாக இறக்கினால் இலை ஓட்டை வழியாக ஒழுகிப் பானை முழுக்க மாவாகும், எனக்கு முதல் இரண்டு தடவை அப்படித்தான் ஆனது.

பாதி மாவை எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பாதியில் மல்லாட்டைப் பொடியையும் சிவப்புத் தண்ணீரையும் ஊற்றி, மறுபடி பழைய பதம் வரும் வரை ஐந்து நிமிடம் கிளற வேண்டும். அந்த நேரத்தில் வருகிற வாசனைக்காகவே நான் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன்.

இலை வாட்டுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கட்டுச்சோற்றுக்கு வாட்டுவது போலத் தணலில் காட்டி, நடு நரம்பைச் சீவிவிட்டு, ஒரு சாண் சதுரமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலத்துக்கு இரண்டு துண்டு, குறுக்கும் நெடுக்குமாக. நடுவில் வெள்ளை மாவு ஒரு குழிக்கரண்டி, அதன்மேல் சிவப்பு மாவு ஒரு கரண்டி, அதன்மேல் கோழி, ஒரு இறால், வேகவைத்த உப்பு முட்டையில் ஒரு கால் துண்டு. நாலு பக்கமும் மடித்து வாழைநாரில் கட்டுங்கள், இறுக்க வேண்டாம், வேகும்போது மாவு கொஞ்சம் உப்பி வரும்.

இட்லிப்பானையில் முட்டை, இறால் பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். தண்ணீர் வற்றுகிறதா என்று அடிக்கடி மூடியைத் திறந்தால் ஆவி போய்விடும். மெக்சிகோ வீடுகளில் அடியில் ஒரு நாணயத்தைப் போட்டுவைப்பார்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அது லொடலொடவென்று ஆடும், சத்தம் நின்றால் வெந்நீர் ஊற்ற வேண்டும். நான் ஒரு பழைய ஐந்து ரூபாயைக் கழுவி இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

இறக்கிய உடனே பிரித்தால் இலையில் ஒட்டும், அரை மணி நேரம் பொறுங்கள். அங்கே டிசம்பர் 16இலிருந்து 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைப் பூசைக்குப் போவார்கள். நம் மார்கழி முதல் தேதியும் பெரும்பாலும் அதே 16தான். போன மார்கழியில் பக்கத்து வீட்டு அக்கா கோயில் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார், நான் இரண்டு பொட்டலம் தமாலெஸ் கொடுத்தேன். அவர் பிரித்து முகர்ந்து பார்த்ததும், “மல்லாட்டை போட்டிருக்கியா?” என்று கேட்டார்.

தேங்காய்ப்பால் என்பதால் வெளியே ஒரு பொழுதுக்கு மேல் வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். மறுநாள் காலையில் மறுபடி ஆவி காட்டலாம், அல்லது இலையைப் பிரித்துவிட்டுத் தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வெள்ளைப் பக்கம் மொறுமொறுப்பாகும் வரை போட்டு எடுக்கலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாம் நாள் துண்டுதான் வேண்டும், அதற்காகவே நான்கு பொட்டலம் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன்.