புதன் முதல் செவ்வாய் வரை: நான்கு பாறைக் கோள்களை அறிந்துகொள்ள ஒரு வழி

சூரியனுக்கு அருகில் இருக்கும் நான்கு கோள்களும் (புதன், வெள்ளி, பூமி, செவ்வாய்) பாறையும் இரும்பும் சேர்ந்து உருவானவை. கால் ஊன்ற அவற்றில் கெட்டியான தரை உண்டு. செவ்வாய்க்கு அப்பால் சிறுகோள் பட்டையைத் தாண்டினால் வரும் வியாழன், சனி போன்ற பெருங்கோள்களில் அப்படி நிற்க இடமே கிடையாது.

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு கோளின் விவரங்களையும் மனப்பாடம் செய்கிறார்கள். கொஞ்ச நாளில் எல்லாம் மறந்துவிடும். நாம் வேறு வழியில் போகலாம். எந்தக் கோளாக இருந்தாலும் முதலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு பெரியது? சூரியனிலிருந்து எவ்வளவு தூரம்? இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதையை நீங்களே ஊகித்துவிடலாம். ஊகம் பொய்த்துப்போகும் இடங்கள்தான் இன்னும் சுவையானவை.

படி 1: அளவும் தூரமும்

ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

- புதன்: விட்டம் 4,880 கி.மீ., சூரியனிலிருந்து 5.8 கோடி கி.மீ.
- வெள்ளி: 12,100 கி.மீ., 10.8 கோடி கி.மீ.
- பூமி: 12,740 கி.மீ., 15 கோடி கி.மீ.
- செவ்வாய்: 6,780 கி.மீ., 22.8 கோடி கி.மீ.

இந்த எண்கள் மனதில் பதிய, தரையில் 1 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதுதான் சூரியன். அந்தக் கணக்கில் புதன் 3.5 மில்லிமீட்டர் புள்ளி. 42 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். வெள்ளியும் பூமியும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். 78 மீட்டரிலும் 107 மீட்டரிலும் வரும். செவ்வாய் 5 மில்லிமீட்டர், 164 மீட்டர். நேராக ஒரு சாலை கிடைத்தால் இதை நடந்தே பாருங்கள். புத்தகப் படங்களில் கோள்களை நெருக்கமாக வரைவது பக்கத்தில் அடங்குவதற்காகத்தான். உண்மையில் நடுவே இருப்பது முழுக்க வெற்றிடம்.

அளவு ஏன் முக்கியம்? கிண்ணத்து வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும். அண்டா நிறைய இருப்பது வெகுநேரம் சூடாகவே இருக்கும். கோளும் அப்படித்தான். சிறிய கோள் உள்ளுக்குள் விரைவில் குளிர்ந்து, எரிமலைகள் அடங்கிப்போகும். ஈர்ப்பும் குறைவு என்பதால் காற்றைப் பிடித்துவைப்பதும் கடினம்.

படி 2: வெள்ளியிலிருந்து தொடங்குங்கள்

வரிசைப்படி புதன்தான் முதல். ஆனால் கண்ணில் சுலபமாகப் படுவது வெள்ளி. இரவு வானில் நிலாவுக்கு அடுத்து அதுதான் பிரகாசம். மாலையில் மேற்கிலோ, விடியலுக்கு முன் கிழக்கிலோ தெரியும். வானில் சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் அது விலகுவதில்லை. அதனால் நள்ளிரவில் உச்சியில் பார்க்கவே முடியாது. இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருள் போதும். சிறிய தொலைநோக்கி இருந்தால் நிலாவைப் போலவே வெள்ளியும் வளர்ந்து தேய்வதைக் காணலாம். கலிலியோ 1610-இல் கண்டது இதைத்தான். வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு அது வலுவான சான்றானது.

இப்போது ஊகிப்போம். பூமிக்குச் சமமான அளவு, சூரியனுக்குக் கொஞ்சம் பக்கம். அப்படியானால் பூமியை விடக் கொஞ்சம் வெப்பமாக இருக்க வேண்டும், இல்லையா? உண்மையில் தரையின் வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகிவிடும். சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதனைக்கூட வெள்ளி மிஞ்சிவிடுகிறது.

ஆக, மூன்றாவது கேள்வி ஒன்றும் தேவை: எப்படிப்பட்ட காற்று? வெள்ளியின் வளிமண்டலத்தில் 96 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. தரையில் அதன் அழுத்தம் பூமியில் இருப்பதைப்போல் சுமார் 90 மடங்கு. மேலே கந்தக அமில மேகங்கள். அவை சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், வெள்ளி உள்வாங்கும் ஒளி பூமி வாங்குவதை விடக் குறைவு. இருந்தும் உள்ளே வந்த வெப்பம் வெளியேற வழியில்லை. பசுமைக்குடில் விளைவு எதுவரை போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சூரியக் குடும்பத்தில் இல்லை.

சோவியத் நாட்டின் வெனேரா 7 கலம் 1970-இல் அங்கே இறங்கியது. வேறொரு கோளின் தரையிலிருந்து செய்தி அனுப்பிய முதல் கலம் அதுவே. 1982-இல் இறங்கிய வெனேரா 13, அந்த வெப்பத்தில் 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்து வண்ணப் படங்களை அனுப்பியது.

படி 3: புதன்

முதலில் எச்சரிக்கை. புதன் எப்போதும் சூரியனை ஒட்டியே இருக்கும். சூரியன் முழுக்க மறைவதற்கு முன் தொலைநோக்கியையோ பைனாகுலரையோ அந்தப் பக்கம் திருப்பவே கூடாது, பார்வையே போய்விடும். சூரியன் மறைந்தபின் அடிவானம் மறைக்காத இடத்தில் நின்று, வெறும் கண்ணாலேயே தேடலாம்.

சிறியது, சூரியனுக்கு அருகில் இருப்பது. ஆகவே காற்று தங்காது என்று ஊகித்தால் சரிதான். வெப்பத்தைத் தேக்கிவைக்கக் காற்றுப் போர்வை இல்லாததால் பகலில் 430 டிகிரி, இரவில் மைனஸ் 180 டிகிரி. மழையோ காற்றோ அரிக்காததால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் விண்கற்கள் போட்ட பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன.

அப்புறம், ஒரு சின்னக் கணக்கு. புதன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 59 நாள். சூரியனைச் சுற்ற 88 நாள். மூன்று தற்சுழற்சிக்கு ஆகும் காலமும் இரண்டு புதன் ஆண்டுகளும் ஒன்றே: 176 நாள். அந்த 176 நாளில் மூன்று முறை தன்னைச் சுற்றுகிறது, இரண்டு முறை சூரியனைச் சுற்றுகிறது. சூரியனை ஒருமுறை சுற்றுவது, தற்சுழற்சி தரும் உதயங்களில் ஒன்றைக் குறைத்துவிடும்; மூன்றில் இரண்டு போனால் ஒன்று. அதாவது அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு புதன் ஆண்டுகள் கடந்துவிடுகின்றன! இதைத் தாளில் வட்டம் போட்டு ஒருமுறை செய்து பாருங்கள். வெறுமனே படித்தால் பிடிபடாது.

ஊகம் பொய்ப்பது இரண்டு இடங்களில். இவ்வளவு சிறிய கோள் உள்ளே முழுக்க உறைந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு மெல்லிய காந்தப்புலம் இருக்கிறது. காரணம், உள்ளே இன்னும் உருகிய நிலையில் உள்ள இரும்பு. ஆரத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் இரும்பு உட்கருதான். இன்னொன்று பனிக்கட்டி. துருவப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் வெயில் படுவதே இல்லை; அங்கே உறைந்த நீர் இருக்கிறது. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம் இதற்கு வலுவான ஆதாரம் தந்தது.

படி 4: செவ்வாய்

மங்கலான ஆரஞ்சு நிறம்தான் அடையாளம். சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை பூமி, சூரியனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே வரும். அப்போது பாருங்கள், மற்ற நேரத்தில் சிறு தொலைநோக்கியில் ஏமாற்றமே மிஞ்சும்.

பூமியின் விட்டத்தில் பாதி என்பதால் உள்ளே விரைவில் குளிர்ந்தது. கோள் முழுவதையும் காத்த காந்தப்புலம் மறைந்தது. அந்தக் காவல் போனபின் சூரியக் காற்று (சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்கள்) வளிமண்டலத்தைச் சிறுகச் சிறுக அரித்துச் சென்றது. இப்போது மிஞ்சியிருக்கும் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஒருகாலத்தில் அங்கே ஆறுகள் ஓடின. பெர்சிவியரன்ஸ் ரோவர் 2021-இல் இறங்கிய ஜெசீரோ பள்ளம் ஒரு பழைய ஏரி. ஆறு வந்து சேர்ந்த வண்டல் மேடு இன்றும் தெளிவாகத் தெரிகிறது.

ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலையின் உயரம் சுமார் 22 கி.மீ. இவ்வளவு சிறிய கோளில் எப்படி? பூமியைப்போல் அங்கே நிலத்தட்டுகள் நகர்வதில்லை. அதனால் எரிமலைக்குழம்பு ஒரே இடத்தில் வெளிவந்து குவிந்துகொண்டே போனது. ஈர்ப்பும் குறைவு என்பதால் மலை தன் பாரத்தில் அமிழ்ந்துவிடவில்லை.

படி 5: பூமியை வெளியிலிருந்து பாருங்கள்

மற்ற மூன்றையும் பார்த்தபின் அதே கேள்விகளைப் பூமியிடம் கேளுங்கள். வெள்ளியின் காற்றில் உள்ள அளவுக்குக் கிட்டத்தட்ட ஒப்பான கரிமம் இங்கேயும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. கரியமில வாயுவைக் கரைத்துப் பாறையாக்க உதவியது கடல். தண்ணீர் நீராக நீடித்ததால்தான் இது நடந்தது.

படி 6: நீங்களே ஒரு வரி சேருங்கள்

தாளில் ஐந்தாவதாக நிலாவை எழுதுங்கள்: விட்டம் 3,474 கி.மீ.; சூரியனிலிருந்து பூமி இருக்கும் அதே தூரம். காற்று இருக்குமா, எரிமலைகள் இன்னும் எரியுமா, பள்ளங்கள் அழிந்திருக்குமா, துருவத்தில் என்ன கிடைக்கும் என்ற நான்குக்கும் எதையும் பார்க்காமல் விடை எழுதிவிட்டு, பிறகு சரிபாருங்கள். கடைசிக் கேள்விக்குப் புதனின் கதை உதவும். 2008-இல் கிளம்பிய சந்திரயான்-1 என்ன கண்டது என்பதையும் அதோடு தேடிப் படியுங்கள்.