படத்திலிருந்து வண்ணத் தொகுப்பு: கருவி விட்டுவிடும் நிறத்தையும் சேர்த்து எடுக்கும் முறை

வலைத்தளத்திற்கு நிறம் தேர்ந்தெடுக்கத் தடுமாறிய நாள்களில், மனத்தைக் கவர்ந்த ஒரு புகைப்படத்திலிருந்தே நிறங்களை எடுத்துக்கொள்ளும் வழி எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. அதற்கான இலவசக் கருவிகள் பல உள்ளன. கேன்வா நான்கு நிறங்களைத் தருகிறது, கூலர்ஸ் விரைவானது. ஆனால், தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அடோபி கலர் தளத்தையே. அது தரும் ஐந்து நிறங்களையும் பளிச்சென்றோ, மங்கலாகவோ, அடர்த்தியாகவோ ஒரே சொடுக்கில் மாற்றிப் பார்க்கலாம்.

முதலில், படத்தைத் தளத்தில் பதிவேற்றுங்கள். பலமுறை பகிரப்பட்டுத் தரம் குறைந்த நகலைத் தவிர்த்து, மூலப்படத்தையே பயன்படுத்துங்கள்.

அடுத்த படியில்தான் நான் நெடுநேரம் சிக்கிக்கொண்டேன். மாலைக் கடலில் சிவப்புக் கொடியுடன் ஒரு படகு நிற்கும் படத்தை ஏற்றியபோது நீலமும் சாம்பலுமாக ஐந்து நிறங்கள் வந்தன. நான் விரும்பிய சிவப்பைக் காணவில்லை. இத்தகைய கருவிகள் பொதுவாக ஒத்த நிறப் புள்ளிகளைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு நிறத்தைத் தேர்கின்றன. ஆகவே, கண்ணை முதலில் ஈர்க்கும் சிறு பகுதி, பரப்பளவு குறைவு என்பதாலேயே விடுபட்டுப்போகலாம். படத்தின் மீது தெரியும் வட்டங்களில் ஒன்றை இழுத்துக் கொடியின் மேல் வைத்தால் அந்தச் சிவப்பு கிடைத்துவிடும். விளிம்பில் பின்னணி நிறம் கலந்திருக்கும், மடிப்பில் நிழல் படிந்திருக்கும் என்பதால், ஒளி சீராக விழும் நடுப்பகுதியில் வட்டத்தை நிறுத்துங்கள்.

பிறகு ஹெக்ஸ் குறியீடுகளை (ஒவ்வொரு நிறத்தையும் கணினிக்குச் சுட்டும், # எனத் தொடங்கும் குறியீடு) படியெடுத்து, ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு வேலையை ஒதுக்குங்கள். பின்னணிக்கு 60, துணை நிறத்திற்கு 30, அழுத்தம் தரும் நிறத்திற்கு 10 விழுக்காடு என்ற பழைய அளவு தொடக்கத்திற்குப் போதுமானது. சிவப்பை அந்தப் பத்துக்குள் அடக்கிவிடுங்கள்.

எழுத்துக்கான நிறத்தை மட்டும் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் உட்பட எல்லோரும் தளங்களைப் பயன்படுத்த உதவும் வலை அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் இரட்டை ஏ (AA) நிலைப்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1, அளவில் பெரிய எழுத்துக்கு 3:1 இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் 4.54 பெற்றுத் தேறுகிறது. கண்ணுக்கு வேறுபாடே தெரியாத #777777 ஏறத்தாழ 4.48 பெற்றுத் தவறிவிடுகிறது. வெப்எய்ம் தளத்தின் இலவசச் சோதனைக் கருவியில் இரு குறியீடுகளையும் இட்டால் விகிதம் உடனே தெரியும். போதாவிட்டால் நிறத்தையே மாற்ற வேண்டியதில்லை. வெளிர் பின்னணியில் எழுத்து நிறத்தின் ஒளிர்வை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்தால், படத்தின் சாயல் கெடாமலே எழுத்து தெளிவடையும்.

பின்னர் சேர்த்தது: உங்கள் தளத்தில் இருள் தோற்றமும் (டார்க் மோட்) இருந்தால் இந்தச் சோதனையை அதற்குத் தனியாகச் செய்யுங்கள். வெள்ளையின் மீது எளிதாகத் தேறிய கருநீலம் கறுப்பின் மீது மறைந்தே போகும்; அதே நீலத்தின் வெளிர் சாயல் ஒன்றை அங்கே பயன்படுத்துங்கள்.