குழுவை நடத்துகிறீர்களா? முதலில் கடைமடைக்குப் போங்கள்

மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12-ல் திறந்தாலும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், நம் டெல்டாக்காரர்களுக்கு இது தெரியும். அலுவலகமும் அப்படித்தான். மேலே எடுத்த முடிவு கடைசி ஆளை எட்டியதா என்பது மேலே உட்கார்ந்திருந்தால் தெரியாது.

அதனால் வாரம் அரை மணி நேரம், குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் நீங்களே போங்கள். "எல்லாம் சரியா?" என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார். "இந்த வாரம் எந்த இடத்தில் வேலை நின்றது?" என்று கேளுங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த அரிசி ஆலையில் மேலாளர் காலையில் நேராகக் களத்துக்குத்தான் வருவார், ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்துக்கொண்டே மூட்டை தூக்கும் அண்ணன்களிடம் பேசுவார். தராசுப் பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று ஒருவர் சொன்னதைக் குறித்துக்கொண்டார், மறுநாள் அங்கே விளக்கு எரிந்தது. முடியாத விஷயம் என்றாலும் திரும்பி வந்து காரணத்தைச் சொல்லிவிடுவார். அந்தத் திரும்பி வருவதுதான் முக்கியம், கேட்டுவிட்டுக் காணாமல் போனால் அடுத்த வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம், அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளச் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும்.